பயப்படாம குதி

ஹல்துமுல்லை
08.02.2004

குவைத்து மகாராணி சுலோஜனாவுக்கு, உன் அக்கா இராக்கம்மா எழுதுகிறேன். இங்கே நான், உன் மச்சான், கடை, மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். பனிக்கு மூக்கு ஒழுகுவது மட்டும் நிற்கவில்லை. உன் உடம்பு எப்படி? பெரிய வீட்டுச் சாப்பாட்டில் பெருத்துவிட்டாயா? நம் தோட்டத்து லயத்து வீட்டுக் கதவு சின்னது. அளவு அனுப்பினால் இப்போதே இடித்துப் பெரிதாக்கி வைப்பேன்.

போன மாதம் உன் போன் வரவில்லை. மறந்துவிட்டாயோ என்னவோ.

போன வருஷம் நீ டிரைவர் ஸலீமிடம் கொடுத்து, அவர் அக்கா ஜெஸீமா ஊருக்குத் திரும்பும்போது தூக்கி வந்தாளே, உன் சின்ன மேடம் கழித்த கேம் பெட்டி, அதுதான் இப்போது இந்த டவுனில் ராஜா. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே பழைய சலூன் அறையில் போட்டிருக்கிறேன். தோட்ட வேலையை விட்டு, கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டேன். சீடி இரண்டே இரண்டு, கறுப்புக் கோட்டை என்ற விளையாட்டின் முதல் பாகமும் இரண்டாம் பாகமும். அதையே ஆறு மாதமாக ஆடுகிறார்கள். "முடிச்சதையே திரும்ப ஆட இவனுகளுக்கு வேற சோலி இல்லையா?" என்று மச்சான் கேட்கிறார். அவருக்கு என்ன தெரியும். முதல் பாகத்தில் ஒரு கிணறு வருமே, முதல் தரம் ஆடும்போது அதில் குதித்தால் சாவு. எல்லாம் முடித்துவிட்டு இரண்டாம் தரம் ஆடினால் அதே கிணற்றுக்குள் ஒரு வழி திறந்திருக்கும். செய்தவன் பெரிய கள்ளன்.

த்ரீவீல் ஓட்டுகிற ஜெயகுமார் போன கிழமை முதல் தரம் ஆட உட்கார்ந்தான். கிணற்று ஓரம் வந்து, "அக்கா, குதிக்கவா?" என்றான்.

"பயப்படாம குதி. கீழ வழி இருக்கு" என்றேன்.

குதித்தான், செத்தான். கடையே சிரித்தது.

"நீங்கல்லாம் ஒரு மனுஷியாக்கா?"

"ரெண்டாந்தரம்தான் வழி இருக்கும்னு சொல்ல மறந்துட்டேன் தம்பி."

மறுநாளும் வந்தான். இப்போது நான் மெய் சொன்னாலும் நம்புவதில்லை. முப்பத்து மூன்று வயது, தங்கமான பிள்ளை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சும்மா சொல்லி வைக்கிறேன்.

சாமி கும்பிட மறந்தாலும் எனக்குக் கடிதம் போட மறக்காதே.

உன் அக்கா
இராக்கம்மா


குவைத்
01.03.2004

அன்பான அக்காவுக்கு, தங்கச்சி சுலோ வணக்கம் சொல்லி எழுதுவது. நான் நல்ல சுகம். நீங்களும் மச்சானும் அப்படியே இருக்க வேண்டும்.

கதவை இடிக்க வேண்டாம் அக்கா. பழைய கதவே எனக்குப் போதும்.

போன் பழுதாகிவிட்டது. மாதம் ஒரு கடிதம் எழுதலாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார். மேடத்தின் கணக்கர் ஒருவருக்குத் தமிழ் தெரியும். உங்கள் கடிதத்தையும் என் கடிதத்தையும் அவர்தான் முதலில் வாசிப்பார். ஜெயகுமார் கிணற்றில் விழுந்ததை அவர் சொல்ல, மேடமும் சிரித்தார். அதனால் எப்போதும் விளையாட்டைப் பற்றியே எழுதுங்கள். இங்கே அதுதான் எல்லாருக்கும் பிடிக்கிறது.

சின்ன மேடத்துக்குப் பதினான்கு வயது. பின்னேரம் என்னையும் கூட உட்காரவைத்து ஆடுவாள். என்னைத்தான் முன்னால் அனுப்புவாள். எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தெரிய, ஒருத்தி முதலில் போய்ச் சாக வேண்டுமாம். இப்போது மூன்றாம் பாகம் வாங்கியிருக்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும் அக்கா. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றினால் கதவெல்லாம் பழகிவிடும் என்பீர்களே. பழகியும் திறக்காத கதவாக இருந்தால் ஆடுகிறவர் என்ன செய்வார்?

மச்சானுக்கு என் விசாரிப்பு.

சுலோ


ஹல்துமுல்லை
22.03.2004

சுலோவுக்கு அக்கா எழுதுவது. எனக்கு மூக்கு நின்று இருமல் வந்திருக்கிறது. மச்சான் கல்லுக்குண்டு போல இருக்கிறார். உன் கடிதம் பென்சிலில், அதுவும் கண்ணுக்குத் தெரியாத மாதிரி எழுதியிருக்கிறது. பேனாவை மேடம் வீட்டுப் பூனை தின்றுவிட்டதா? வாசிக்கும் கணக்கர் ஐயாவுக்கு என் வணக்கம். ஐயா, என் எழுத்துப் பிழைக்கு மன்னியுங்கள். நான் நாலாம் வகுப்போடு நின்று, தோட்ட வேலைக்குப் பெரட்டுக்குப் போனவள்.

திறக்காத கதவு கேட்டாயே. கதவை முட்டிப் பயனில்லை. சாவி காவல்காரனிடம்தான் இருக்கும். அவன் எங்கே நிற்பான் என்பதில்தான் விஷயம். இரண்டாம் பாகத்தில் முதல் தரம் வாசலில் நிற்பான். மறுதரம் ஆடினால் அதே ஆள் மாடிப்படியில் நிற்பான். எனக்குத் தெரியாததா என்று மிதப்பாகப் போகிறவன் தலைதான் முதலில் போகும். கேமைச் செய்தவன் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மாற்றி வைக்கிறான் பார், அதனால்தான் ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். தெரிந்த இடத்தில்தான் பயம் கூட என்று ஜெயகுமார் சொன்னான். அவனுக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது. மறுபடியும் சும்மாதான் சொல்கிறேன்.

வருஷப் பிறப்புக்கு நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டு. படம் எடுத்து அனுப்பு.

இராக்கம்மா


குவைத்
15.04.2004

அன்பான அக்காவுக்கு, புது வருஷம் உங்களுக்கும் மச்சானுக்கும் நல்லதாக இருக்கட்டும். என் சுகத்துக்குக் குறைவில்லை. படம் எடுக்க வசதிப்படவில்லை.

மூன்றாம் பாகத்தில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். இதில் ஆடுகிறவள் ஒரு பெண். ஒரு வீடு. அவளுக்குப் படிக்கட்டுக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை. கதவுக்கு வெளியேதான் தாழ்ப்பாள். நாளுக்கு ஒரு தரம் ரொட்டியும் தேத்தண்ணியும் வரும். வேலையில் சுணங்கினால் வீட்டுக்காரி சூடான இரும்பால் கையில் தொடுவாள், உயிர்க்கோட்டில் ஒரு கோடு குறைந்துவிடும். ஆறு கோடு போய்விட்டது.

பின்னேரம் துணி காயப்போட மட்டும் மாடிக்கு விடுவார்கள். மாடியில் ஒரு தண்ணீர்த் தாங்கி, இடுப்பளவு சுவர். கீழே இரண்டு மாடி ஆழத்தில் கார் நிறுத்தும் இடம். அதற்கு மேலே பச்சைத் துணிக் கூடாரம். வாசலுக்கு வெளியே ஒரு பேரீச்ச மரம். அந்த மரத்தைத் தாண்டினால் ரோடு.

இன்னொன்று. விட்ட இடத்தைச் சேமித்து வைக்கிற மெமரி கார்ட் ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது. அதில் நில்மினி என்று ஒரு பெயர். எனக்கு முந்தி யாரோ சின்ன மேடத்தோடு ஆடியிருக்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் மாடிக் கட்டத்தோடு நின்றிருக்கிறது. யார் என்று கேட்டேன். சின்ன மேடம் சொல்லவில்லை. அந்தப் பெயரைத் தொடவும் விடவில்லை.

அக்கா, அந்த மாடியிலிருந்து கூடாரத்தின் மேல் குதித்தால் உயிர் போகுமா, போகாதா? இதில் நீங்கள்தான் கெட்டிக்காரி. யோசித்து எழுதுங்கள். சுணங்காமல் எழுதுங்கள்.

சுலோ


ஹல்துமுல்லை
03.05.2004

சுலோவுக்கு, இருமல் போய்ச் சுகமாக இருக்கும் அக்கா எழுதுவது. உன் சுகத்துக்குக் குறைவில்லை என்று நீயே எழுதிவிட்டாய். இனி நான் என்ன கேட்பது.

அடி பைத்தியக்காரி, இதற்கா இவ்வளவு யோசனை? ஒரு மாடியைப் பார்த்து நடுங்குகிறாய். நீயா என் தங்கச்சி? மூன்றாம் பாகம் இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை. ஜெயகுமார் பதுளையில் சொல்லி வைத்திருக்கிறான். ஆனால் எனக்கு அதைப் பார்க்கவே தேவையில்லை. ஒரு பாகத்தில் நன்றாக ஓடியதை அடுத்த பாகத்திலும் வைப்பான், சாயத்தை மட்டும் மாற்றுவான். இரண்டாம் பாகத்திலும் இதே மாடி, இதே துணிக் கூடாரம் இருக்கிறதே. மறுதரம் ஆடுகிறவனுக்கு அது மெத்தை மாதிரி. ஒரு கோடுகூடக் குறையாது. உருண்டு எழும்பி வாசலுக்கு ஓட வேண்டியதுதான்.

பயப்படாம குதி. நான் சொல்கிறேன்.

ஆறு கோடு போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாயே, அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

இராக்கம்மா


ஹல்துமுல்லை
17.05.2004

ஸலீம் தம்பிக்கு, ஜெஸீமாவின் சிநேகிதி, கேம் கடை இராக்கம்மா எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். ஜெஸீமா சுகம். நான் சுகமில்லை தம்பி. எழுத்து கோணிப் போனால் கோபிக்காமல் வாசியுங்கள்.

மூன்று நாளைக்கு முன் ஜெயகுமார் பதுளையிலிருந்து மூன்றாம் பாகத்தைக் கொண்டுவந்தான். நேற்று முடித்துவிட்டோம். முழுக்க ஒரு கப்பல், பனி, கடல். வீடே இல்லை. படிக்கட்டு அறை இல்லை, மாடி இல்லை, ஆடுகிறவள் பெண்ணும் இல்லை. மறுதரம் ஆடினால் வருமோ என்று மறுதரமும் ஆடினோம். இல்லை.

நான் சிரித்தேன் தம்பி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தைத்த சட்டையைக் கொடுக்க ஜெஸீமா கடைக்கு வந்தாள். "பாருடி, என் தங்கச்சி பொய் சொல்லப் பழகிட்டா" என்று கடிதத்தைக் கொடுத்தேன். அவள் வாசித்தாள். சிரிக்கவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி முழங்கைக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினாள். நாலு வருஷம் குவைத்தில் இருந்து வந்தவள், இன்றுவரை எனக்குக் காட்டாத தழும்பு.

"இது கேம் இல்ல இராக்கம்மா. சூட்டு இரும்புன்னா இஸ்திரிப் பெட்டி" என்றாள். "ஸலீம் அந்த கேம் பெட்டிய வாங்கப் போன வீட்டு வாசல்ல ஒரு பேரீச்ச மரம் இருந்துச்சாம். எனக்கும் நாலு பழம் கொண்டாந்து குடுத்தான்."

கடிதங்களை அந்தக் கணக்கர் வாசிப்பதால்தான் என் தங்கச்சி விளையாட்டு மாதிரி எழுதியிருக்கிறாள். இரண்டு மாதமாக வீட்டுக்குள் கிடந்து கூப்பிட்டிருக்கிறாள். நான் பூனை, பேனா என்று பகிடி எழுதியிருக்கிறேன்.

அது மட்டும் இல்லை. தண்ணீர்த் தாங்கி இருக்கும் மாடியிலிருந்து, கார் நிறுத்தும் இடத்துப் பச்சைத் துணிக் கூடாரத்தின் மேல் குதித்தால் உயிர் போகுமா என்று கேட்டாள். குதி என்று எழுதிப் போட்டுவிட்டேன். மூன்றாம் தேதி தபாலில் போய்விட்டது. உங்கள் பக்கம் சேரப் பதினைந்து பதினாறு நாள் பிடிக்கும். தபால் கந்தோரில் போய் அதைத் திருப்பி எடுக்க முடியுமா என்று கேட்டேன். அது எப்போதோ விமானம் ஏறிவிட்டது என்றார்கள்.

தம்பி, அந்த வீடு உங்களுக்குத் தெரியும். உங்கள் காலில் விழுகிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போங்கள். அவளைப் பார்க்க முடியாவிட்டாலும் அந்தக் கூடாரம் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இராக்கம்மா


ஹல்துமுல்லை
17.05.2004

சுலோவுக்கு, அக்கா நல்ல சுகம். நீயும் சுகமாக இரு.

மாடிக் கட்டத்தைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியது தப்பு. மூன்றாம் பாகத்தை ஆடிப் பார்த்துவிட்டேன். அந்தக் கூடாரம் தாங்காது. ஜெயகுமாருக்குக் கிணற்றில் நடந்ததுதான் நடக்கும். குதிக்காதே. படிக்கட்டு அறையிலேயே இரு. கோடு குறையாமல் பார்த்துக்கொள். வெளியிலிருந்து ஒரு ஆள் வருவான், அந்தக் கட்டம் அப்படித்தான் முடியும். முதல் பாகத்தை உன் வீட்டிலிருந்து தூக்கிப் போனானே, அவனேதான்.

குதிக்காதே. குதிக்காதே. கணக்கர் ஐயா, இதை மட்டும் என் தங்கச்சிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டுங்கள். நாங்கள் இங்கே பந்தயம் கட்டியிருக்கிறோம்.

இராக்கம்மா


குவைத்
05.06.2004

மதிப்புக்குரிய இராக்கம்மா அக்காவுக்கு, ஸலீம் ஸலாம் சொல்லி எழுதுவது. இறைவன் உதவியால் நான் சுகம். உங்கள் கடிதம் முதலாம் தேதி கையில் கிடைத்தது. அன்று பின்னேரமே போனேன்.

மரம் இருக்கிறது. மாடியில் தாங்கி இருக்கிறது. நீங்கள் எழுதியபடியே எல்லாம் இருக்கிறது. ஆனால் அக்கா, பச்சைக் கூடாரம் இல்லை. மாடிக் கொடியில் துணியும் இல்லை. மணியடித்துக் கேட்டேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்று மேடம் உள்ளேயிருந்தே சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டு டிரைவர் நம் நாட்டு ஆள். அவரிடம் விசாரித்தேன். உங்களிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். உங்கள் தங்கச்சிக்கு முந்தி அங்கே நில்மினி என்று மொனராகலைப் பிள்ளை ஒன்று வேலை செய்ததாம். ஒரு நாள் பின்னேரம் மாடியிலிருந்து கூடாரத்தில் குதித்ததாம். துணி கிழிந்து கீழே போய்விட்டதாம். பிழைக்கவில்லை. புதுத் துணி போட்டிருக்கிறார்கள். இப்போது அதையும் காணவில்லை. ஏன் கழற்றினார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் மூன்று கிழமை லீவில் போய் முந்தாநாள்தான் வந்தாராம்.

தூதரகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பொலிசோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இறைவனிடம் துஆ கேளுங்கள். நானும் கேட்கிறேன்.

ஸலீம்


ஹல்துமுல்லை
19.06.2004

ஸலீம் தம்பிக்கு, உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொண்டு இராக்கம்மா எழுதுவது.

உங்கள் கடிதத்தை ஜெஸீமா வாசித்துச் சொன்னாள். என்னால் வாசிக்க முடியவில்லை. கடையைப் பூட்டிவிட்டேன். ஏன் என்று கேட்கிறவர்களுக்குக் கரண்ட் இல்லை என்கிறேன். எதிரே உள்ள கடையில் பல்ப் எரிந்துகொண்டிருக்கிறது.

கொடியில் துணி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் இருந்தால் துணி காயும். அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நல்லதோ கெட்டதோ, நடந்ததை எழுதுங்கள். என் கடிதம் அவள் கையில் எப்போது கிடைத்தது என்றும் கேட்டு எழுதுங்கள்.

இராக்கம்மா


குவைத்
04.07.2004

அக்கா, நான் சுலோ. உயிரோடு இருக்கிறேன். இந்தக் கடிதத்தை யாரும் வாசித்துவிட்டுத் தருவதில்லை. தூதரகத்தில் என்னைப் போன்ற பெண்களோடு தங்கியிருக்கிறேன். கையில் புண் ஆறுகிறது. மச்சானிடம் அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்களும் அழ வேண்டாம்.

வீட்டு ஐயா, மேடத்தின் புருஷன், இருந்தவரை யாரும் என் மேல் கை வைத்ததில்லை. தை மாதம் அவர் வேறு நாட்டுக்கு வேலைக்குப் போனார். அதோடு எல்லாம் மாறிவிட்டது. தெரிந்த வீடுதான், தெரிந்த ஆட்கள்தான். ஜெயகுமார் சொன்னாராமே, தெரிந்த இடத்தில்தான் பயம் கூட என்று. அது மெய் அக்கா.

நீங்கள் மே மூன்றாம் தேதி போட்ட கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. கணக்கர் வீட்டுக்குள் ஒரு நாளும் வராதவர், எல்லாம் விளையாட்டு என்றே நம்பி, மேடத்துக்கும் அப்படி மட்டும் சொல்லிச் சிரித்துவிட்டுத் தந்தார். நான் மெய்யாகத்தான் கேட்டேன் அக்கா. நீங்கள் போகாது என்றால் குதிப்பது, போகும் என்றால் இருப்பது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். அன்று பின்னேரம் துணி வாளியோடு மாடிக்குப் போனேன். சுவரில் ஏறி ஒரு காலை அந்தப் பக்கம் போட்டேன். கீழே பச்சைத் துணி காற்றில் உப்பிக்கொண்டிருந்தது. மெத்தை மாதிரித்தான் இருந்தது.

பயப்படாம குதி. உங்கள் குரல் அப்படியே காதில் கேட்டது. அதோடு கடையில் எல்லாரும் சிரிக்கிற சத்தமும் கேட்டது. நீங்களெல்லாம் ஒரு மனுஷியா என்று ஜெயகுமார் கேட்டதும். சின்ன வயதில் மாங்காய் மரத்தில் என்னை ஏற்றிவிட்டு, இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கீழே பிடிக்காமல் ஓடியதும். என் அக்கா ஒருத்தரைப் பயப்பட வேண்டாம் என்று சொன்னால், அது அவரை விழவைத்துச் சிரிக்கத்தான். அதைவிடத் தெரிந்த ஒன்று எனக்கு உலகத்தில் இல்லை. காலை இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் பலமான காற்று. கூடாரம் பறந்துவிட்டது. மாடியிலிருந்து பார்த்தேன். துணிக்குக் கீழே, அதைத் தாங்கிய இரும்புக் கம்பிகள் வரிசையாக நிமிர்ந்து நின்றன. நான் எட்டிப் பார்த்ததை மேடம் கண்டுவிட்டார். அதற்குப் பிறகு மாடிக்கும் விடவில்லை. உங்கள் அடுத்த கடிதம் என் கையில் கிடைக்கவேயில்லை.

ஜூன் பதினேழாம் தேதி ஸலீம் அண்ணனும் தூதரக ஆட்களும் பொலிசும் வந்தார்கள். உள்ளே யாரும் இல்லை என்று மேடம் சொல்வது படிக்கட்டு அறைக்குக் கேட்டது. சின்ன மேடம்தான் இறங்கி வந்து தாழ்ப்பாளை இழுத்தாள். நான் போகும்போது அந்த மெமரி கார்டை என் கைக்குள் வைத்து அழுத்தினாள்.

கடதாசி வேலை முடிய ஒரு மாதம் ஆகுமாம். கதவை இடிக்க வேண்டாம் அக்கா. நான் மெலிந்துதான் வருகிறேன்.

சுலோ


ஹல்துமுல்லை
22.07.2004

என் தங்கம் சுலோவுக்கு அக்கா எழுதுவது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து சோறு இறங்குகிறது. மச்சான் அழவில்லை என்று சொல்லச் சொன்னார். கோயிலில் மூன்று தேங்காய் உடைத்தேன், ஜெஸீமா பள்ளிவாசலுக்கு மெழுகுதிரி கொடுத்தாள்.

நான் உனக்கு ஒரு உண்மை சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தில் நான் பகிடி பண்ணவில்லை. உயிர் போகாது என்று நம்பித்தான் எழுதினேன். என் வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் மனதாரச் சொன்ன வார்த்தையை நீ நம்பாமல் இருந்தாய். அதற்கு உன்னைக் கும்பிடுகிறேன்.

அந்தக் கார்டைப் பத்திரமாகக் கொண்டு வா. நம் கடையில் அதை யாரும் போட்டு ஆட மாட்டார்கள். மொனராகலையில் அந்தப் பிள்ளையின் ஆட்கள் இருப்பார்கள். பஸ்ஸில் நாம் இரண்டு பேரும் போய் விசாரிப்போம்.

போன திங்கட்கிழமை கடையைத் திறந்தேன். ஜெயகுமார்தான் முதல் ஆளாக வந்தான். முதல் பாகத்தைப் போட்டு ஆடினான். இது அவனுக்கு எத்தனையாவது தரம் என்று எனக்கே தெரியாது. கிணற்று ஓரம் வந்து நின்றான். என்னைச் சிரிக்கவைக்க நினைத்தானோ என்னவோ, திரும்பிப் பார்த்து, "அக்கா, குதிக்கவா?" என்றான்.

வழி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

அவன் கிணற்றை விட்டு விலகி, சுற்றுப் பாதையில் நடந்து போனான்.

பார்த்து வா.

உன் அக்கா
இராக்கம்மா